அழைத்தவர் எந்த விளம்பரத்தைப் பார்த்தார்?

மாணவர்களே, ஜெராமில் ஒருவர் ஏர்கோன் பழுதுபார்ப்பவர்களுக்கு வாடிக்கையாளர்களைத் தேடித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விளம்பரம் செய்கிறார். வரும் விசாரிப்புகளைப் பழுதுபார்ப்பவர்களிடம் சேர்க்கிறார். ஒவ்வொரு விசாரிப்புக்கும் ஒரு தொகை பெறுகிறார். வணிகத் துறையில் இந்த விசாரிப்பை ‘லீட்’ என்பார்கள்.

கிள்ளான் – கோல சிலாங்கூர் சாலையோரம் அவருடைய பதாகை இருக்கிறது. வீடு வீடாகத் துண்டறிக்கையும் போயிருக்கிறது. தொலைபேசி ஒலிக்கிறது. எந்த விளம்பரம் வேலை செய்தது? கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. ஆனால் அதற்கான விடை, அவர்கள் அழுத்திய எண்ணிலேயே இருக்கிறது.

எண்ணே அடையாளம்

பதாகையில் ஓர் எண், துண்டறிக்கையில் வேறோர் எண். இரண்டும் ஒரே கைப்பேசிக்குத்தான் வந்து சேரும். எப்படி?

நீங்கள் அழைக்கும்போது இரண்டு எண்கள் வலையமைப்பில் பயணிக்கின்றன: உங்கள் எண், நீங்கள் அழுத்திய எண். நடுவில் உள்ள கணினி, அழுத்திய எண்ணைத் தன் பட்டியலில் தேடுகிறது. அதற்குரிய உண்மையான எண்ணுக்கு அழைப்பைத் திருப்பிவிடுகிறது. அதே நேரத்தில் நாள், நேரம், இரு எண்கள், பேசிய நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறது. பேச்சைக் கேட்கவோ பதிவுசெய்யவோ தேவையே இல்லை.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பதாகைக்கு 300 ரிங்கிட் செலவு, 60 அழைப்புகள். துண்டறிக்கைக்கு 120 ரிங்கிட், 24 அழைப்புகள். இரண்டிலும் ஓர் அழைப்புக்கு 5 ரிங்கிட். சமம்தானே?

இப்போது சலித்துப் பார்ப்போம். பதாகை அழைப்புகளில் 20, அரை நிமிடத்துக்குள் முடிந்தவை. மீதியில் 10, முன்பே அழைத்தவர்கள் மீண்டும் அழைத்தவை. எஞ்சுவது 30 லீட். ஒன்றுக்கு 10 ரிங்கிட். துண்டறிக்கையில் அப்படிக் கழிபவை 2, 2. எஞ்சுவது 20 லீட். ஒன்றுக்கு 6 ரிங்கிட். சமமாகத் தெரிந்தவை சமமல்ல! அறிவியல் ஆய்விலும் இப்படித்தான்: எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும்.

நடுவில் இருப்பவர் யார்?

அழைப்புக்கு நடுவில் இருப்பவருக்குப் பெரும் அதிகாரம் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பகப் பணியாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகித்ததாகச் சொல்லப்படுகிறது. மனிதர் தலையிடாமல் இணைப்புத் தரும் தானியங்கி இணைப்பகத்தை அவர் உருவாக்கினார். 1891-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று நடுவில் கணினி இருக்கிறது. அது சேர்க்கும் பட்டியலில் இருப்பவை உயிருள்ள மனிதர்களின் எண்கள். அந்தப் பட்டியல் தவறான கைக்குப் போனால், தொல்லை அழைப்புகளும் மோசடி அழைப்புகளும் அவர்கள் வீட்டுக்கு வரும். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 15 நவம்பர் 2013 முதல் நடப்பில் உள்ளது. வணிகத்துக்காகத் தரவு சேர்ப்பவர், எதற்காகச் சேர்க்கிறார் என்று தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது.

மோசடிக்காரருக்குப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 997-ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

செய்து பாருங்கள்

அதே வணிகர் முகநூல் விளம்பரத்துக்கு 200 ரிங்கிட் செலவிட்டார். 50 அழைப்புகள் வந்தன. 8 மிகக் குறுகியவை. மீதியில் 2 மீண்டும் வந்தவை. ஒரு லீட்டுக்கு என்ன செலவு? மூன்று விளம்பரங்களில் எது சிக்கனமானது?

(விடை: 5 ரிங்கிட், முகநூல் விளம்பரம்.)