வெங்காய லாரி எந்த ஊருக்கு? எக்ஸெல் சால்வர் சொல்லும்!

எக்ஸெல் என்றாலே கூட்டல், சராசரி போடும் புரோகிராம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எந்த ஊர்ச் சரக்கை எந்த மார்க்கெட்டுக்கு அனுப்பினால் செலவு குறையும் என்பதையும் அது கணக்கிட்டுச் சொல்லும். இந்த வசதியின் பெயர் சால்வர்.

ஒரு சின்ன வெங்காய வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பெரம்பலூரில் 12 டன், திண்டுக்கல்லில் 8 டன் வெங்காயம் கிடைக்கிறது. திருச்சிக்கு 6 டன், சென்னைக்கு 14 டன் அனுப்ப வேண்டும். ஒரு டன்னுக்கு லாரி வாடகை இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

பெரம்பலூர் - திருச்சி: ரூ.400
பெரம்பலூர் - சென்னை: ரூ.1,400
திண்டுக்கல் - திருச்சி: ரூ.600
திண்டுக்கல் - சென்னை: ரூ.2,000

வாடகை குறைந்த வழியில் முதலில் அனுப்பலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியானால் திருச்சிக்கு 6 டன்னும் பெரம்பலூரிலிருந்து போகும். மற்றதெல்லாம் சென்னைக்கு. மொத்தச் செலவு ரூ.26,800. இதைவிடக் குறைக்க முடியுமா?

செய்முறை

1. பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் சென்று, கீழே கோ பட்டனைக் கிளிக் செய்யுங்கள். சால்வர் ஆட்-இன் என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள். டேட்டா டேபில் சால்வர் வந்துவிடும்.

2. பி2, சி2 செல்களில் 400, 1400 என்றும், பி3, சி3 செல்களில் 600, 2000 என்றும் டைப் செய்யுங்கள். பி என்பது திருச்சி, சி என்பது சென்னை. மேல் வரிசை பெரம்பலூர், கீழ் வரிசை திண்டுக்கல்.

3. பி6 முதல் சி7 வரை நான்கு செல்களைக் காலியாக விடுங்கள். அனுப்ப வேண்டிய டன் அளவை சால்வர் இங்கே நிரப்பும்.

4. டி6-ல் =பி6+சி6, டி7-ல் =பி7+சி7, பி8-ல் =பி6+பி7, சி8-ல் =சி6+சி7 என்று ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். இருப்பு அளவு 12, 8 ஆகியவற்றை இ6, இ7-லும், தேவை 6, 14 ஆகியவற்றை பி9, சி9-லும் இடுங்கள்.

5. பி11-ல் =சம்ப்ராடக்ட்(பி2:சி3,பி6:சி7) என்று, இதையும் ஆங்கிலத்தில், டைப் செய்யுங்கள். இதுதான் மொத்தச் செலவு.

6. சால்வரைத் திறந்து, செட் அப்ஜெக்டிவ் என்பதில் பி11 கொடுத்து, மின் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேஞ்சிங் வேரியபிள் செல்ஸ் என்பதில் பி6:சி7 கொடுங்கள். ஆட் பட்டன் மூலம் டி6:டி7 <= இ6:இ7, பி8:சி8 = பி9:சி9 என்ற இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள். நான்-நெகட்டிவ் பெட்டியில் டிக் இருக்கட்டும். சிம்ப்ளெக்ஸ் எல்பி முறையைத் தேர்வு செய்து சால்வ் பட்டனை அழுத்துங்கள்.

விடை: பெரம்பலூரின் 12 டன்னும் சென்னைக்கு, திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கு 6, சென்னைக்கு 2. செலவு ரூ.24,400. மிச்சம் ரூ.2,400!

காரணம் எளிது. முதல் திட்டத்தில் பெரம்பலூர் வெங்காயம் தெற்கே திருச்சிக்கு வர, திண்டுக்கல் வெங்காயம் திருச்சியைத் தாண்டி வடக்கே போகிறது. ஒரே சரக்கு எதிரெதிர் திசையில் ஓடினால் டீசல்தான் வீண்.

சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-ல் உருவாக்கியவர் ஜார்ஜ் டான்ட்சிக். ரேஷன் தானியம் போகும் வழிகளைச் சுருக்க, இதேபோன்ற உகந்த வழிக் கணக்கீட்டின் அடிப்படையில் 'அன்ன சக்ரா' திட்டத்தை 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கியது. டெல்லி ஐஐடியும் உலக உணவுத் திட்ட அமைப்பும் இதில் பங்கேற்றன.

ஓர் எச்சரிக்கை. இ6-ல் 12-ஐ 15 ஆக்கி மீண்டும் சால்வ் கொடுத்துப் பாருங்கள். செலவு ரூ.23,000 ஆகக் குறையும். ஆனால் திண்டுக்கல்லில் 3 டன் வாங்கப்படாமல் நின்றுவிடும். அங்கே விலை மலிவாக இருந்தாலும் சால்வருக்குத் தெரியாது. நாம் வாடகையை மட்டும்தானே கொடுத்தோம்? எனவே நான்கு செல்களிலும் வாடகையோடு அந்தந்த ஊரின் கொள்முதல் விலையையும் கூட்டிப் போடுங்கள். அப்போதுதான் எங்கே வாங்குவது என்பதற்குச் சரியான விடை கிடைக்கும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவச லிப்ரேஆபீஸ் கால்க் புரோகிராமில் டூல்ஸ் மெனுவில் உள்ள சால்வரைப் பயன்படுத்தலாம்.