மொன்டானா: பொன்னும் வெள்ளியும் தந்த மலை மாநிலம்

ஒரு மாநிலத்தின் முத்திரையைக் கூர்ந்து நோக்கினால், அதன் மக்கள் எதனை நம்பி வாழத் தொடங்கினார்கள் என்பது ஓரளவு விளங்கிவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் உள்ள மொன்டானா மாநிலத்தின் முத்திரையில் மலைகளும் மிசூரி ஆற்றின் அருவியும் தீட்டப்பட்டுள்ளன. அவற்றின் முன்னே ஒரு கலப்பை, ஒரு குந்தாலி, ஒரு மண்வாரி. அடியில் ஸ்பானிய மொழியில் 'பொன்னும் வெள்ளியும்' என்று பொருள்படும் சொற்கள். மொன்டானா என்ற பெயரே மலையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இம்மாநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 3,80,000 சதுர கிலோமீட்டர். அதாவது மலேசியாவைவிடப் பெரியது. ஆனால், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 11 இலட்சத்துக்கும் குறைவானவரே. மேற்கே ராக்கி மலைத்தொடர். கிழக்கே கோதுமை விளைவதும் மாடுகள் மேய்வதுமான பரந்த புல்வெளி. 1954 ஜனவரியில் ரோஜர்ஸ் கணவாயில் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 57 பாகை வரை இறங்கியது. ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பழகிய நமக்கு அத்தகைய குளிரைக் கற்பனை செய்வதும் கடினமே.

இந்நிலம் முதலில் சேலிஷ், கருங்கால், குரோ, வட ஷயான் முதலிய பூர்வகுடி மக்களுக்கு உரியதாக இருந்தது. 1805இல் லூயிஸ், கிளார்க் என்ற இருவர் தலைமையில் அமெரிக்க அரசின் ஆய்வுக் குழுவினர் மிசூரி ஆற்றின் வழியே வந்தனர். 1862இல் வெட்டுக்கிளி ஓடையில் பொன் கிடைத்த செய்தி பரவியதும், குந்தாலியோடு மனிதர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். பூர்வகுடிகளின் உணவுக்கும் உடைக்கும் ஆதாரமாயிருந்த காட்டெருமைக் கூட்டங்கள் 1880களின் நடுவில் ஏறக்குறைய அழிந்தே போயின. அதற்கு முன், 1876 ஜூன் 25இல், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, ஷயான் வீரர்கள் தளபதி கஸ்டரின் படைப்பிரிவை முறியடித்தனர். வெற்றி அவர்களுடையது, நிலமோ அவர்களிடம் தங்கவில்லை. 1889 நவம்பர் 8ஆம் நாள் மொன்டானா 41ஆம் மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது.

மாநிலச் சின்னங்களைத் தேர்ந்தெடுத்த முறை பாராட்டத்தக்கது. பாடும் புல்வெளிக் குருவி ஒன்றை மாநிலப் பறவையாகத் தேர்ந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள்; 1931இல் அது சட்டமாயிற்று. பழுப்புக் கரடியையும் அவர்களே வாக்களித்துத் தேர்ந்தனர். மாநில மலர் 'கசப்பு வேர்' என்னும் சிறு செடியின் மலர். பெயருக்கேற்ப வேர் கசக்கும். ஆயினும் சேலிஷ் மக்கள் அதனைத் தோண்டி, தோலுரித்து, வேகவைத்து உணவாக உண்டு வந்தனர். உலர்த்தி வைக்கப்பட்ட வேரை நெடுநாள் கழித்து ஊன்றியபோதும் அது தளிர்த்தது கண்டு, தாவர நூலார் 'மீண்டும் உயிர்ப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர்.

முத்திரையில் பொன்னும் வெள்ளியும் இடம்பெற்றாலும், மொன்டானாவை உலகறியச் செய்தது செம்பு. 1880களில் பியூட் நகரத்தின் அடியில் வளமான செம்புப் படிவம் வெளிப்பட்டது. மின்விளக்கும் தொலைபேசியும் பரவத் தொடங்கிய காலம் அது. கம்பிக்குச் செம்பு வேண்டும். அயர்லாந்து, பின்லாந்து, இத்தாலி, செர்பியா எனப் பல நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். செம்பை வெட்டி உருக்கிய அனகொண்டா என்ற நிறுவனம் காடுகளையும் உருக்காலைகளையும் மட்டுமன்றி, மாநிலத்தின் நாளிதழ்கள் பலவற்றையும் தன் கையில் வைத்திருந்தது. அவ்விதழ்களை அது விற்றது 1959இல்தான். சம்பளம் தருபவரே செய்தியும் தந்தால் தொழிலாளியின் குறை எங்கே அச்சேறும்?

1917 ஜூன் 8ஆம் நாள் இரவு, வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமான சுரங்கத்தில் பெருந்தீ மூண்டது. தீத்தடுப்பு ஏற்பாட்டுக்காக இறக்கப்பட்ட மின்வடம் நழுவி விழுந்தது. அதனைப் பார்வையிடச் சென்றவரின் கைவிளக்குச் சுடர், எண்ணெய் ஊறிய உறையில் பட்டுவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்த வேலையே தீக்குக் காரணமாயிற்று. 168 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நச்சுப் புகையால் மூச்சடைத்து இறந்தவர்கள். மேனஸ் டக்கன் என்ற தொழிலாளி, கையில் கிடைத்த பலகை, துணி, மண் கொண்டு சுவரெழுப்பிப் புகையைத் தடுத்து, 25 பேரைக் காப்பாற்றினார். அவரோ மீளவில்லை. இருட்டில் மனைவிக்கு அவர் எழுதி வைத்த குறிப்புகள் பின்னர்க் கிடைத்தன.

தப்பிக்க ஓடியவர்கள் வாயில் இல்லாத சிமெண்டுத் தடுப்புச் சுவர்களில் முட்டி நின்று மடிந்தனர் எனத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சுவர்களில் வழி வேண்டும், ஊதியம் உயர வேண்டும் என வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு ஆதரவாகப் பேச வந்த பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கவாதியை, ஆகஸ்ட் முதல் நாள் விடியுமுன் முகமூடி அணிந்தோர் இழுத்துச் சென்று தூக்கிலிட்டனர். அக்குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியான ஜெனட் ரேங்கினும் இம்மாநிலத்தவரே. அவர் சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்று பேசியதை இங்குக் குறிப்பிடுவது தகும்.

1955இல் பெர்க்லி என்ற திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் குட்டைகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் மனத்தில் வரைந்து கொள்ளலாம். ஆனால் ஆழமோ ஏறத்தாழ 540 மீட்டர். குடியிருப்புகள் சிலவற்றையும் அப்பள்ளம் விழுங்கிற்று. 1982இல் வேலை நின்றது; நீரிறைக்கும் இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன. நிலத்தடி நீர் ஊறி, அமிலமும் உலோகமும் கலந்த ஏரியாயிற்று. 1995இல் அங்கு இறங்கிய வெண்வாத்துகளுள் 342 இறந்து கிடந்தன. நச்சுநீர் ஆற்றில் கலவாதிருக்க 2003இல் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. செம்பு பிறர்க்குப் போயிற்று. நீரைக் காக்கும் கவலை ஊருக்கு நின்றது.

இத்தகைய பட்டறிவிலிருந்து பிறந்ததே 1972ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த 100 பேராளர்கள் கூடி அதனை வரைந்தனர். தூய்மையும் நலமும் உடைய சுற்றுச்சூழலில் வாழ்வது ஒவ்வொருவரின் உரிமை என அதில் எழுதி வைத்தனர். மாநிலத்தின் கிழக்கே நிலக்கரி பெருமளவில் புதைந்து கிடக்கிறது. செம்பில் ஏமாந்தது போல் கரியிலும் ஏமாறலாகாது என்று, வெட்டியெடுக்கும் கரியின் மீது 1975இல் 30 விழுக்காடு வரை வரி விதித்தனர். அவ்வரியில் பாதி நிரந்தர வைப்பு நிதியில் சேர வேண்டும். சட்டமன்றத்தின் ஈரவைகளிலும் நான்கில் மூன்று பங்கினர் வாக்களித்தாலன்றி அதன் முதலைத் தொட இயலாது. கரி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னாளில் வரி பாதியாகக் குறைக்கப்பட்ட போதிலும், நிதி நிலைத்து நிற்கிறது.

அரசியலமைப்பில் எழுதிய உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவும் இருந்துவிடவில்லை. 2020இல் 16 இளையோரும் சிறுவரும், கரியும் எண்ணெயும் எரிப்பதால் பருவநிலைக்கு நேரும் கேட்டைக் கருதாமல் மாநில அரசு அனுமதி வழங்குகிறது என்று வழக்குத் தொடுத்தனர். 2023 ஆகஸ்டில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.