முதியோர் இல்லமும் நல்ல சமாரியனும்



நல்ல சமாரியனின் உவமையை நாம் எல்லாரும் அறிவோம் (லூக்காஸ், 10-ம் அதிகாரம்). காயப்பட்டவனைக் கண்டு இரங்கினான், காயங்களைக் கட்டினான் என்பதோடு நம்மில் அநேகர் கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் சேசுநாதர் சொன்ன கதை சத்திரத்தில் அல்லவா முடிகிறது! அன்றிரவு சமாரியன் தானே அவனைக் கவனித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். நம் காலத்து முதியோர் இல்லங்களுக்கும் கருணை இல்லங்களுக்கும் இந்தச் சத்திரமே மாதிரி.

உத்திரமேரூர் வட்டாரத்தாராகிய நாம் இந்தப் பாடத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அருகிலுள்ள பாலேஸ்வரம் கிராமத்துக் கருணை இல்லத்தைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. அதிகாரிகள் சோதனையிட்டனர், அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். நடத்தியவர்கள் புகார்களை மறுத்தனர். தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை: ஆதரவற்றவர்கள் என்று அத்தனை பேர் அங்கே வந்து சேர்ந்தார்களே, அவர்களைப் பெற்றெடுத்த வீடு எங்கே? அவர்கள் பெற்ற பிள்ளைகள் எங்கே?

அடைக்கலம் கொடுப்பது பெரும் புண்ணியம். ஆயினும் சோறும் படுக்கையும் மாத்திரம் பிறர்சிநேகம் ஆகிவிடாது. மூன்று காரியங்கள் அதனோடு சேரவேண்டும்.

முதலாவது: கேட்பது

எரிக்கோ நகர்ச் சாலையோரத்தில் கூப்பிட்டவன் குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும் (மாற்கு, 10-ம் அதிகாரம்). ஆயினும் சேசுநாதர் அவனுக்கு என்ன வேண்டுமென்று அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். அவனுக்குப் பதிலாக மற்றவர்கள் பேச அவர் விடவில்லை.

ஓர் இல்லத்தில் நற்கருணை கொடுக்கப் போயிருந்தேன். பாட்டிமார் எல்லாருக்கும் தலைமுடி ஒட்டக் கத்தரித்து, ஒரே மாதிரி நைட்டி போட்டிருந்தார்கள். பேன் பிடிக்காது, குளிப்பாட்டுவது சுலபம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு பாட்டி என் காதோரம், "சாமி, எனக்கு ஒரு சேலை வாங்கித் தரச் சொல்லுங்க. இந்தக் கோலத்திலே நன்மை வாங்கக் கூச்சமா இருக்கு" என்றார். யாருக்கு வசதி என்று பார்த்தார்களே தவிர, யாருக்குக் கூச்சம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு காலம் போய்வந்த நானும் கேட்கவில்லை.

இரண்டாவது: பெயர் அறிவது

நமது ஊர்க் கல்வெட்டு உலகப் பிரசித்தம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளோரின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்கள். ஊர்க்காரியத்துக்கே பெயர் அவ்வளவு முக்கியமானால், ஆத்துமத்தின் காரியத்துக்கு எவ்வளவு முக்கியம்! நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிறான் (அருளப்பர், 10-ம் அதிகாரம்). "மூன்றாம் கட்டில்", "அந்தப் பக்கவாதக் கேஸ்" என்று அழைப்பது ஆயனின் குரலன்று.

பிரான்சு தேசத்து அர்ச்சியசிஷ்ட ழான் ஜூகன் அம்மாளைப் பாருங்கள். 1839-ம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்து பாதி உடல் செயலற்றுப்போன ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்துவிட்டு, தாம் பரண்மேல் படுத்தார். பிறகு வந்து சேர்ந்த கிழவிகள் முன்பு பிச்சைக்குப் போன வீடுகளுக்கு, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையோடு போனார். அவர்களுடைய பசியை மட்டுமல்ல, அவமானத்தையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார். அவர் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை இந்தியாவிலும் முதியோருக்கு ஊழியம் செய்கிறது. 2009-ம் ஆண்டில் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

மூன்றாவது: திரும்பி வருவது

"தாயை இல்லத்தில் சேர்ப்பது பாவமா, சாமி?" என்று சிலர் கண்ணீரோடு கேட்கிறார்கள். புருஷனும் மனைவியும் ஒரகடத்துக் கம்பெனிகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். மறதி நோயுள்ள தாய் கதவைத் திறந்துகொண்டு சாலைக்குப் போய்விடுகிறாள். வேறு வழியில்லாமல், நல்ல இல்லமாகப் பார்த்து, அவளிடம் சொல்லி, அவள் மனதையும் அறிந்து சேர்ப்பது பாவமன்று. சேர்த்துவிட்டு மறப்பதே பாவம். கைவிடும் எண்ணத்தோடு முதியோரை விட்டுச் செல்வது 2007-ம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

மாதந்தோறும் பணம் அனுப்புகிறவன் இரண்டு வெள்ளிக்காசு மட்டுமே கொடுத்தவன். சமாரியன் திரும்பி வருவதாகவும் சொன்னான். அடிக்கடி வருகிற பிள்ளை, தாயின் முதுகில் படுக்கைப்புண் உண்டா, வேளைக்குப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா என்று காண்பான். ஒருவரும் எட்டிப் பாராத இல்லத்தில் நல்ல ஊழியரும் நாளடைவில் சோர்ந்துபோவார்கள்.

வயது முதிர்ந்தபின் வேறொருவன் இடைகட்டி, விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று நமதாண்டவர் அர்ச். இராயப்பருக்கு அறிவித்தார் (அருளப்பர், 21-ம் அதிகாரம்). நாளை நம்மையும் ஒருவர் உடுத்துவார். அந்தக் கைகள் எப்படியிருக்க வேண்டுமென்று ஆசிக்கிறோமோ, அப்படியே இன்று நம் கைகள் இருக்கட்டும்.

இவ்வாரத் தீர்மானம்: உங்கள் வீட்டிலோ, இல்லத்திலோ உள்ள ஒரு முதியவரிடம் போங்கள். அருகில் உட்காருங்கள். பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.