காலையில போய் என்ன செய்யணும்?

மகள் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "அடுத்து என்ன?" என்று கேட்டார்கள். அவளும் சளைக்காமல் "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றாள். ஒருநாள் நான் கேட்டேன்: "ஏட்டி, அந்த வேலைக்குப் போனா காலையில போய் என்ன செய்யணும்?" விழித்தாள். பிறகு திருப்பிக் கேட்டாள்: "எப்பா, நீங்க பேங்க்ல என்ன செய்யுதிய?"

பதினேழு வருஷமாக என் சம்பளத்தில் வளர்ந்தவளுக்கு, நான் பணம் எண்ணுகிறவன் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. கவுண்டர் அடைத்த பிறகு கணக்கு ஒத்துவராமல் உட்கார்ந்திருப்பது, நூறு ரூபாய் குறைந்தால் சொந்தப் பணத்தைப் போடுவது, பென்ஷன் வாங்க வரும் ஆச்சியின் விரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்குவது என்று எதையுமே நான் வீட்டில் சொன்னதில்லை. ரிசல்ட் வரும்வரை, லீவு கிடைத்தபோதெல்லாம் தாமிரபரணிக் கரையோரமாக இருவரும் பைக்கில் கிளம்பினோம். கல்லூரிகளைப் பார்க்க அல்ல, வேலைகளைப் பார்க்க.

முதலில் பத்தமடை. மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நெய்த கல்யாணப் பாயைப் பார்த்ததும் மகள் தறியருகே உட்கார்ந்துவிட்டாள். நெய்துகொண்டிருந்த லாத்தா சிரித்தார்: "தறியில உக்காருறது கடைசி வேலை அண்ணாச்சி. அதுக்கு முந்தி வெயிலும் ஆறும் வேலை பாக்கணும்." கோரையை வெட்டி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிய இழையாகக் கீறிய பிறகே பாய் தொடங்குகிறது. மழை பிடித்தால் எல்லாம் நிற்கும். வெளியே தெரிவது வேலையின் கடைசிக் கால்வாசிதான். மீதி முக்கால்வாசியைச் சகிக்க முடியுமா என்பதே கேள்வி.

அடுத்து முக்கூடல், என் அம்மாவின் ஊர். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தாள். இன்றும் அந்தத் தெருத் திண்ணைகளில் மடியில் சொளவு வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கவேண்டும். கூலிக்கு ஆயிரம் பீடிதான் கணக்கு. பீடிக் கடையில் சரியில்லை என்று கழித்துப் போட்டால் அந்த உழைப்புக்குக் காசு கிடையாது. அன்றைக்கு அம்மா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வருவாள். வேலை செய்பவர் ஒருவர், அதை எண்ணுபவர் இன்னொருவர் என்று மகளுக்குச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, அதை யார், எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்றும் கேட்டுவிட வேண்டும்.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போனோம். 1937-இல் தொடங்கியது. நம் வீட்டு இட்லிக்குப் போடும் ஏ.எஸ்.டி. 16 ரகம் இங்கே உருவாகி 1986-இல் வந்தது. நெற்பூவில் ஆறு மகரந்தத் தாள்கள். ஒட்டுக்கட்டுவதற்கு முன் அத்தனையையும் நீக்கவேண்டும். பிறகு தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு, தேறியதை மட்டும் பொறுக்கி, புது ரகம் என்று பேர் வைக்கப் பத்து வருஷம்கூட ஆகும். "அதுவரைக்கும் பாராட்டே கிடைக்காதா?" என்றாள் மகள். பலன் தெரிய எத்தனை நாள் என்பதும் வேலைக்கு வேலை மாறும். பீடிக்கு அன்று சாயங்காலம், நெல்லுக்குப் பத்து வருஷம்.

பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். மின்நிலையத்துக்குள் போகவில்லை. மின்வாரியத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணாச்சியோடு டீக்கடையில் ஒரு மணிநேரம் பேசினோம். "தீபாவளிக்கும் மெஷின் ஓடும்லா, அப்ப நம்மளும் அங்கதான்" என்றார். அந்த வேலையில் அவருக்குச் சலித்தது ராத்திரி, பிடித்தது மெஷின் சத்தம்.

கடைசியாக, வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பக்கத்தில் ஒரு முழுநாள் அவளை உட்காரவைத்தேன். புதிதாக எழுதியது கொஞ்சம். யாரோ எழுதியதைப் படித்துப் பிழை தேடியதும் போனில் பேசியதுமே அதிகம். சாயங்காலம் மகள் சொன்னாள்: "பிழை தேடுறது நல்லாருக்குப்பா."

இந்தச் சுற்றலில் கற்றது:

1. வேலையின் பெயரை விடுங்கள். "நேத்து காலையிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். நேற்றைய நாளை யாரும் அலங்கரித்துச் சொல்வதில்லை.
2. சலிப்பது எது என்று கேளுங்கள். அந்தச் சலிப்பு உங்களுக்குத் தாங்குமா என்று பாருங்கள்.
3. ஒரே வேலையில் இரண்டு பேரைப் பாருங்கள்: சேர்ந்து இரண்டு வருஷம் ஆனவர் ஒருவர், இருபது வருஷம் ஆனவர் ஒருவர்.
4. கை, கண், கழுத்து, தூக்கம் இவற்றில் அந்த வேலை எதைக் கேட்கிறது என்று விசாரியுங்கள்.
5. முன்கூட்டியே கேட்காமல் வேலை நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். போட்டித் தேர்வுக்கு அங்கே இலவசப் பயிற்சியும் உண்டு.

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சேர்ந்தாள். இதற்கா இத்தனை பெட்ரோல் என்று வீட்டில் கேட்டார்கள். முன்பு மற்றவர்கள் சொன்னதைச் சொன்னாள், இப்போது பார்த்ததைச் சொல்கிறாள். பெட்ரோலுக்கு அது போதும்.

பிள்ளைகளை எங்கும் கூட்டிப்போக முடியாதவர்கள், இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் வேலையில் இன்று நடந்ததைச் சொல்லுங்கள். அதற்குப் பெட்ரோல்கூட வேண்டாம்.