லுக்மான் தரும் பாடம்

கடைக் கணக்கை நாள் தவறாமல் பார்க்கும் நாம், பிள்ளைகளின் கணக்கை என்று பார்க்கிறோம்?

திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் தம் மகனைப் பரிவுடன் மும்முறை விளித்து, இணைவையாமை, தொழுகை, பொறுமை, பணிவான நடை, தாழ்ந்த குரல் என ஒவ்வொன்றாக உபதேசிக்கிறார். தாமே சொன்னார், ஆள் வைத்துச் சொல்லவில்லை. நாமோ உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென இருக்கிறோம்.

சிங்கப்பூரில் 1826இல் சூலியா முன்னோர் தோற்றுவித்த ஜாமியா சூலியா பள்ளிவாசலில் இன்றும் தமிழில் குத்பா நடக்கிறது. அங்கே நம் மகன், "வாப்பா, இமாம் என்ன சொன்னார்?" என்று கேட்டபோது நாம் தலைகுனிந்தோம். வீட்டில் தமிழ் பேசாத குற்றம் யாருடையது?

மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம் கல்லாவை விட்டெழுவோம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஓதியதன் பொருளைத் தமிழில் சொல்லிக் கொடுப்போம். இந்த முதலுக்கு நட்டமில்லை. அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.