இளமையின் காயமும் ஈமானின் மருந்தும்

இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், சிறு வயதில் என்னை வளர்த்ததற்காகப் பெற்றோருக்கு ரஹ்மத் கேட்கும் துஆவில் என் நாவு தடுமாறுகிறது. வாப்பாவை நினைத்தால் பிரம்பும் இருட்டறையும்தான் ஞாபகம் வருகின்றன. அவர் மௌத்தாகிப் பல வருஷமாகிறது. நேற்று என் மகன் மீது கை ஓங்கினேன். அது வாப்பாவின் கையாகவே தெரிந்தது."

இந்தக் கேள்வி பல வீடுகளில் வாய் திறக்காமல் இருக்கிறது.

"மறந்து விடுங்கள்" என்பது எளிது. அல்லாஹ் தன் ஹபீபிடம் அவ்வாறு கூறவில்லை. பிறக்கும் முன்பே தந்தையையும், 6 வயதில் அப்வாவில் தாயாரையும், 8 வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். வஹீ சில காலம் வராதிருந்து மனம் வாடியபோது இறங்கிய 'வள்ளுஹா' ஸூரா, அந்த அனாதைப் பருவத்தை நினைவூட்டுகிறது. அப்போது கிடைத்த அடைக்கலத்தைக் காட்டுகிறது. பிறகு, அனாதைகளை ஒடுக்கலாகாது எனக் கட்டளையிடுகிறது. பட்ட வேதனை, அதனருகிலேயே இருந்த ரஹ்மத், அதிலிருந்து பிறக்கும் கடமை: முஹாஸபா எனும் சுயவிசாரணைக்கு இம்மூன்றும் படிகள்.

மன்னிப்பதென்றால் அநியாயத்தை நியாயமென்பதா? அல்ல. யூஸுஃப் (அலை) அவர்கள், தம்மைக் கிணற்றில் போட்ட சகோதரர்களிடம், அவர்கள் செய்ததை முதலில் எடுத்துக் கூறினார்கள். அவர்கள் தவறை ஒப்புக்கொண்டதும் பழி ஏதுமில்லையென மன்னித்தார்கள். பின்னர் அல்லாஹ்வின் உபகாரங்களை எண்ணும்போது சிறையிலிருந்து மீண்டதைக் கூறினார்கள். கிணற்றைப் பற்றிப் பேசவேயில்லை.

சகோதரரே! உங்கள் வாப்பா இனி வந்து தவறை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. இன்று அவர் உங்கள் துஆவை எதிர்பார்க்கும் நிலையில் இருக்கிறார். தஹஜ்ஜுதுக்குப் பின் கையேந்தி, "யா அல்லாஹ், நடந்ததை நீ அறிவாய். அவரை மன்னிப்பாயாக, என் கல்பையும் ஆற்றுவாயாக" என்று தமிழிலேயே கேளுங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள். அவர் ஊட்டிய ஒரு கவளம், வாங்கித் தந்த ஒரு பெருநாள் சட்டை நினைவுக்கு வந்தால் அதற்கு ஷுக்ரு செய்யுங்கள். உறக்கமும் பசியும் கெட்டிருந்தால் வைத்தியரையும் நாடுங்கள். மருந்து தேடுவதும் ஸுன்னத்தே.

கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்கார வேண்டுமென்பது நபிமொழி. ஓங்கிய கை அதற்குள் தாழ்ந்து விடும். இன்றிரவே மகனை அருகில் அழைத்து, "வாப்பா செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்க ஏங்கிய அந்தச் சொல்லை அவனாவது கேட்கட்டும்.

அல்லாஹ் நம் கல்புகளைக் குணப்படுத்துவானாக! ஆமீன்.