ஒன்றரை சென்டில் வெளிச்ச வீடு



பத்தாம் வகுப்புக் கணக்கில் ஏற்றக்கோணம் படிக்கிறோம். கலங்கரை விளக்கம், கோபுரம், பட்டம் என்றே கணக்குகள் வரும். அரியலூரில் கலங்கரை விளக்கத்துக்கு எங்கே போவது? (கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்தது என்பது வேற விஷயம்!) அதனால் நான் ஜன்னலுக்குக் கணக்குப் போட்டேன்.

நம்ம பக்கம் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒன்றரை சென்ட் என்றால் சுமார் 653. கணக்குச் சுலபத்துக்கு 20 அடி அகலம், 33 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 660 சதுர அடி. இதில் வழக்கமாக நாலு பக்கமும் மூன்றடி விட்டு நடுவில் வீடு கட்டுவார்கள். வீட்டுக்கு 14 × 27 = 378 சதுர அடி. மிச்சம் 282 சதுர அடி சும்மா கிடக்கும். அந்த மூன்றடிச் சந்தில் கட்டில் போட முடியுமா? வடகம் காயவைக்க முடியுமா? உடைந்த பக்கெட்டும் பழைய சைக்கிளும்தான் கிடக்கும்.

சரி, அந்தச் சந்தில் திறக்கும் ஜன்னலுக்கு வருவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உலர் வெப்பப் பகுதியில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. 10 × 12 அறைக்கு 12 சதுர அடி. அதாவது மூன்றடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று போதும். ஆனால் ஜன்னல் பெரிசா இருந்தா மட்டும் வெளிச்சம் வந்துடாது. அதன் வழியே வானம் தெரியணும்.

ஜன்னலின் நடுப்புள்ளி தரையிலிருந்து நாலரை அடி. பக்கத்து வீட்டுக்காரர் எல்லை வரை பத்தடிச் சுவர் எழுப்பிவிட்டார். சுவர் நம் ஜன்னலுக்கு மேலே ஐந்தரை அடி, தூரம் மூன்றடி. டேன் மதிப்பு 5.5 ÷ 3 = 1.83. டேன் 60° என்பது 1.732. எனவே கோணம் அறுபதுக்கும் கொஞ்சம் மேல், சுமார் 61°. அதற்கு மேலே 90° வரை உள்ள 29° வானம்தான் நமக்கு. அவரே மாடி எடுத்து 20 அடி ஆக்கிவிட்டால்? 15.5 ÷ 3 = 5.17. கோணம் 79°. மிச்சம் 11°. பட்டப்பகலில் டியூப் லைட் எரியும். அவரும் மூன்றடி விட்டிருந்தால் தூரம் ஆறடி, கோணம் 43° ஆகக் குறையும். நம்ம ஊரில் இரண்டு பேரும் விட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை!

இப்போ அந்த 282 சதுர அடியை ஒரே இடத்தில் சேர்த்துப் பாருங்கள். முன்னால் ஆறடி வாசல், 120 சதுர அடி. அதன் பின்னே 20 × 12 அளவில் இரண்டு அறைகள். அவற்றுக்குப் பின்னே ஒரு பக்கமாக 8 × 15 அளவில் சமையலறையும் குளியலறையும். மீதி 12 × 15 முற்றம், நம்ம பேச்சில் மித்தம். கட்டடம் 240 + 120 = 360 சதுர அடி (சுவர் கனம் சேர்த்து). திறந்த இடம் 120 + 180 = 300. அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2024இல் 3.5 லட்சம் ரூபாய்க்கு அறிவித்ததும் இதே 360 சதுர அடிதான். இதில் சமையலறை ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் 12 அடி தள்ளி நிற்கும். 5.5 ÷ 12 = 0.46. கோணம் 25°கூட இல்லை. வானம் 65°, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்!

இது நான் கண்டுபிடித்தது இல்லை. நம்ம ஊர்ப் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித்தான் நின்றன. வெளிச்சம் நடுவிலிருந்து வந்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா (1930–2015) இதையே ஏழை வீடுகளுக்குச் செய்து காட்டினார். நவி மும்பையின் பேலாப்பூரில் 1983 முதல் 1986 வரை கட்டிய குடியிருப்பு அது. 5.4 ஹெக்டேரில் சுமார் 550 குடும்பங்கள். மனை 45 முதல் 75 சதுர மீட்டர். நம்ம ஒன்றரை சென்ட் 61 சதுர மீட்டர், சரியாக நடுவில் வருகிறது! ஏக்கருக்கு 41 வீடு. லிப்ட் வைத்த அடுக்குமாடி இல்லாமலே இவ்வளவு நெருக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாகத் திறந்த இடம் உண்டு. ஏழு வீடுகள் சேர்ந்து 8 மீட்டர் சதுர முற்றத்தைச் சுற்றி நிற்கும். அப்படி மூன்று கூட்டம் சேர்ந்து 21 வீட்டுக்கு 12 மீட்டர் சதுரம். அவை மூன்று சேர்ந்தால் 20 மீட்டர் சதுரம். வெயில் நாட்டில் வானம் பார்த்த இடமும் ஒரு அறைதான் என்பது அவர் எண்ணம்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது சுவர் விஷயம். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் வைக்கவில்லை. அவரவர் சுவர் அவரவருக்கு. ஒருத்தர் வீட்டைப் பெரிசாக்க இன்னொருத்தரிடம் கேட்க வேண்டாம். பொதுச்சுவரால் எத்தனை பஞ்சாயத்து நடந்திருக்கு என்று எங்க அப்பாயியைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வார். இன்று பேலாப்பூரில் பலர் பழைய வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். ஆனாலும் நடு முற்றங்கள் நிற்கின்றன.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், எங்க தாத்தாவின் மூன்று சென்டை அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். தை மாதம் வேலை ஆரம்பம். சித்தப்பா கொத்தனார். “மித்தம் வச்சா மழை உள்ள வரும், திருடனும் வருவான்”னு சொல்றார். இரண்டும் நியாயமான பயம்தான். திருடனுக்கு மேலே கம்பி வலை போடலாம். மழைக்கு, முற்றத்தை அரையடி இறக்கி, வாட்டம் கொடுத்து, வடிகுழாய் வைக்கலாம். 180 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 167 லிட்டர் தண்ணீர்! மழைநீர் சேகரிப்பை 2003இலேயே கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அதைத் தொட்டிக்கு விடலாமே. வெயில்தான் கஷ்டம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சியில். அதற்கு அறைப் பக்கம் இரண்டடி தாழ்வாரம் இறக்கினால் சுவர் சுடாது. இன்னொரு லாபமும் இருக்கு. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டுப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் சோற்றில் புழுதி. முற்றத்துப் பக்க ஜன்னலைப் பயமில்லாமல் திறக்கலாம்.

சிக்கல் ஒன்று உண்டு. எல்லை ஒட்டிக் கட்ட எல்லா இடத்திலும் அனுமதி தரமாட்டார்கள். தொடர் கட்டடப் பகுதியாக இருந்தால் பக்கத்தில் இடைவெளி கேட்பதில்லை. மற்ற இடங்களில் விதிப்படி விட வேண்டும். அதனால் வீடு கட்டும்போது யோசிப்பதைவிட, மனை பிரித்துக் கல் நடும்போதே யோசிப்பது நல்லது. பெரம்பலூர் நான்கு ரோடு தாண்டிப் போனால் புது மனைகளில் கல் நட்டிருக்கிறது, பாருங்கள்.

சித்தப்பாவிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். இரண்டு வீட்டு முற்றமும் பக்கம் பக்கமாக வந்தால் எப்படி? நடுவில் நாலடிக் கைச்சுவர் போதும். இரண்டு சமையலறைக்கும் நடுவே 24 அடி வானம். 5.5 ÷ 24 = 0.23, கோணம் வெறும் 13°! படத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அண்ணன்கிட்ட பேசுறேன்” என்றார். அப்பாவிடம் அம்மா ஏற்கனவே பேசியாச்சு!

அந்தப் படத்தின் நகலைக் கீழே ஒட்டியிருக்கிறேன் (1 செ.மீ. = 2 அடி). உங்க வீட்டு ஜன்னலுக்கும் டேன் மதிப்புக் கண்டுபிடித்து ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு